கோடையில் மொட்டை மாடியில் பூச்செடி வைப்பது வீண்வேலையா?

(மாடித்தோட்டக்காரர்கள் நால்வரின் உரையாடல். தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மார்ச் 4, காலை – உறையூர்

மூணு வருஷமா ஒரே கதைதான். பிப்ரவரி வரைக்கும் மாடி முழுக்கப் பூ, ஏப்ரல் பாதியில எல்லாம் கருகிக் கைக்கு வந்துடுது. கோடையில மாடியில பூச்செடி வைக்கிறதே வீண், ஆடிக்கு மேல தொடங்கிக்கலாம்னு முடிவுக்கு வந்துட்டேன். மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க. விவரம்: திருச்சி, மேற்கு பார்த்த மாடி, போர் தண்ணி, 12 அங்குல கறுப்பு க்ரோ பேக் (செடி வளர்க்கிற பை) முப்பது. இருக்கிறது சாமந்தி, பெட்டூனியா, டாலியா, ரோஜா. வீட்டுக்குள்ள வைக்கவும் தினம் நாலு பூ வேணும். பிளாஸ்டிக் பூ வாங்க மனசு வரலை.

மார்ச் 4, இரவு – பந்தல்

மறுக்கிறேன். மாடி மேல் தப்பில்லை, செடிப் பட்டியல் மேல்தான் தப்பு. பகல் குறுகும்போது மொட்டு வைப்பது சாமந்தி. பெட்டூனியாவும் டாலியாவும் குளிர் பிடித்த செடிகள். இந்த மூன்றும் மாசியோடு விடைபெறும். வருத்தப்பட வேண்டாம், அவற்றின் காலம் அவ்வளவுதான்.

கோடையையே காலமாகக் கொண்ட பூக்கள் வேறு. குண்டுமல்லி மார்ச்சில் தொடங்கி சித்திரை, வைகாசியில் கொட்டும். பத்துமணிப்பூ வெயில் ஏற ஏற நிறம் கூடும். காகிதப்பூ, நித்யகல்யாணி, வாடாமல்லி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாம் இதே வரிசை. ரோஜாவை வீச வேண்டாம். கிழக்கு பார்த்த சுவரோரம் தள்ளிவையுங்கள், காலை வெயில் நான்கு மணி நேரம் போதும். பூ சிறுக்கும், செடி பிழைக்கும்.

மார்ச் 5 – பந்தல்

நேற்று விட்டது: கறுப்புப் பை. சாயங்காலம் மூன்றரைக்கு மாடியேறி, மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் பையின் உள்விளிம்பை ஒட்டி மண்ணில் விரலை விடுங்கள். அரை நிமிடம் வைக்க முடியாது. அந்தச் சூட்டில்தான் வேர் நுனிகள் இருக்கின்றன. வேர் வெந்த செடிக்கு எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. இலை தொங்கும், நாம் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவோம், வேர் அழுகும். ஏப்ரலில் சாகும் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, இப்படித்தான் சாகின்றன.

செய்ய வேண்டியது: பையின் வெயில் பக்கத்தில் வெள்ளை சிமென்ட் சாக்கையோ சணல் சாக்கையோ சுற்றிக் கட்டுங்கள். பைகளைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டிரண்டு செங்கல் மேல் வையுங்கள், அடியில் காற்றும் போகும், வடிந்த தண்ணீரும் தேங்காது. மண்மேல் 2 அங்குலம் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டோ பரப்புங்கள், தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு. பைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழும். புதிதாக வாங்குவதானால் வெள்ளைப் பை.

மண்தொட்டி பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதன் சுவர் ஈரம் கசிந்து ஆறுவதால் வேருக்குக் குளிர்ச்சிதான். ஆனால் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். ஒரு வேளை மட்டும் மாடியேறுகிறவர்களுக்கு ஆகாது.

மார்ச் 7 – பந்தல்

மண் கலவை. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு. பத்துமணிப்பூவுக்கும் காகிதப்பூவுக்கும் நார்க்கழிவைப் பாதியாக்கி அந்த இடத்தில் ஆற்றுமணல். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தபின் கலக்க வேண்டும். அதிலுள்ள உப்பு போகாமல் போட்டால் இளம் இலையின் ஓரம் கருகும், அதை வெயில் என்று நினைத்துவிடுவோம்.

தண்ணீர் நிற்கட்டும் என்று நார்க்கழிவைக் கூட்டாதீர்கள். மேல்பகுதி காய்ந்த தவிட்டுநிறமாகத் தெரியும், நான்கு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து ஊற்றினால் நித்யகல்யாணிதான் முதலில் சாகும். இரண்டாம் விரல்கணு வரை உள்ளே விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

மார்ச் 9 – செங்கல்

கட்டட வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. "ஒட்டி வையுங்கள்" என்பதை அப்படியே செய்யாதீர்கள். 12 அங்குலப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும், நனைந்தால் 24 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒட்டி அடுக்கினால் பத்துப் பை, 240 கிலோ. ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ. மாடியின் நடுப்பகுதியில் இப்படி அடுக்கக் கூடாது. பைகளைச் சுவரோரமும், கீழே பீம் ஓடும் கோட்டின் மேலும் ஒற்றை வரிசையாக வையுங்கள். நடு இடத்தில் சதுர மீட்டருக்கு நான்குக்கு மேல் வேண்டாம், மனிதர்கள் நடக்கவும் மிச்சம் வேண்டும்.

மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் பழைய வீடானால் பொறியாளர் பார்க்காமல் ஒரு தொட்டிகூட ஏற்ற வேண்டாம். கைப்பிடிச்சுவர் உச்சியில் தொட்டி எந்த வீட்டிலும் கூடாது.

மார்ச் 9, இரவு – பந்தல்

செங்கல் சார் சொல்வது சரி. மார்ச் 5 குறிப்பில் "ஒட்டி" என்றதைச் "சுவரோரம் ஒற்றை வரிசையில் ஒட்டி" என்று திருத்திப் படிக்கவும். மல்லிக்கு வேண்டிய 15 அங்குலப் பை நனைந்தால் 45 கிலோவைத் தாண்டும், அதைக் கட்டாயம் பீம் மேல்.

இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. மேற்குச் சுவரோரம் முதலில் காகிதப்பூ வரிசை, அதற்கு உள்ளே ஓர் அடி விட்டு மல்லி, படியறைச் சுவரின் கிழக்கு நிழலில் செம்பருத்தி, ரோஜா. மூன்று மணி வெயிலைக் காகிதப்பூ வாங்கிக்கொள்ளும். அதற்கு அது வலிக்காது.

மார்ச் 12 – உறையூர்

சாக்கு சுத்திட்டேன், செங்கல் வச்சிட்டேன், பை எல்லாத்தையும் சுவரோரம் மாத்தியாச்சு. தண்ணி எப்போ, எவ்வளவு?

மார்ச் 12 – பந்தல்

காலை ஏழு மணிக்குள். 12 அங்குலப் பைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், ஒரே வீச்சாக அல்ல. முதலில் அரை லிட்டர் ஊற்றி அடுத்த செடிக்குப் போய், சுற்றி வந்து மீதியை ஊற்றுங்கள். காய்ந்து சுருங்கிய மண்ணுக்கும் பைக்கும் நடுவில் ஒரு விரிசல் விழுந்திருக்கும், மொத்தமாக ஊற்றினால் அந்த வழியே இறங்கி அடியில் ஒழுகிவிடும். ஒழுகுவதைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைப்போம். முதல் அரை லிட்டரில் மண் உப்பி விரிசல் மூடும்.

வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பில் நிற்கும் தண்ணீர் கையைச் சுடும். திறந்ததும் செடிக்குக் காட்டாமல், சூடு போகும்வரை வாளியில் பிடித்துத் தனியே வையுங்கள். ஆறியபின் அதையும் ஊற்றலாம். மாடியில் உள்ள தண்ணீர் டேங்கின் தண்ணீரும் பிற்பகலில் இதே சூட்டில்தான் இருக்கும், அதனால் மாலை வேளை ஊற்றுவதானால் வெயில் தாழ்ந்து ஒரு மணி நேரம் கழித்து.

ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரைத் தொட்டிக்கு விட வேண்டாம், உப்பு செறிந்தது. உப்புப் போட்டு மென்மையாக்கிய தண்ணீரும் ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, அதை வாளியில் சேர்த்துப் போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் இட்லிப்பூவும் மல்லியும் நன்றி சொல்லும்.

மார்ச் 20 – பந்தல்

பத்துமணிப்பூ நட இதுதான் வாரம். பக்கத்து வீட்டில் கேட்டாலே கொடுப்பார்கள். மூன்று அங்குலத் துண்டாகக் கிள்ளி, கீழ் ஓர் அங்குல இலையை உருவி, நிழலில் ஒரு பகல் வாடவிட்டு, ஈர மணற்கலவையில் செருகுங்கள். 12 அங்குல அகலத் தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு. தட்டு ஆறு அங்குல ஆழம் போதும், எடையும் குறையும். வேர் பிடிக்கும்வரை லேசான ஈரம், பிறகு மண் காய்ந்தபின்தான் தண்ணீர். நுனி நான்கு அங்குலம் போனதும் கிள்ளி, கிள்ளியதையும் அங்கேயே செருகுங்கள். ஒரு மாதத்தில் தட்டு மூடிவிடும்.

பூ பெரிதாகட்டும் என்று எரு கூட்டினால் தண்டு நீண்டு, பச்சையாக, பூவே இல்லாமல் படுத்துக்கொள்ளும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவான வெயிலிலும் அதே கதி. மேகமூட்டமான நாளில் பூ விரியாது. நோயென்று நினைத்து மருந்தடிக்காதீர்கள்.

ஏப்ரல் 2 – கடற்கரை

சென்னை, திருவான்மியூர். மல்லி இரண்டு வருடச் செடி. இலை அடர்த்தி, பூ கைக்கு எண்ணி எட்டு. நுனி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. என்ன போடலாம்?

ஏப்ரல் 2, இரவு – பந்தல்

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

பூ குறைவது கவாத்து (கிளை வெட்டுதல்) செய்யாததால். மல்லி புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டியிருக்க வேண்டும். இப்போது அந்த வெட்டு வெட்டினால் கோடை முழுதும் போய்விடும். இப்போதைக்குப் பூத்து முடிந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு கணு கீழே கிள்ளுங்கள். உள்பக்கம் பின்னிக்கிடக்கும் மெலிந்த குச்சிகளை அடியோடு எடுத்துவிடுங்கள். ஐந்தாறு வாரத்தில் அடுத்த சுற்று மொட்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இதையே செய்ய வேண்டும். செடி ஆறு மணி நேர வெயிலில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் மல்லி இலைக்கொடியாகவே வாழ்ந்துவிடும்.

மஞ்சள் இரும்புக் குறை. இளம் இலையில் நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளாக வருவது அதன் அடையாளம். அடி இலை முழுசாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, வேறு சங்கதி. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரால் மண் காரமாகி, மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு ஏறாமல் போகிறது. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் அன்னபேதி உப்பு கிடைக்கும். வயலில் லிட்டருக்கு 5 கிராம் தெளிப்பார்கள். தொட்டிக்கு 3 கிராமில் தொடங்குங்கள், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து, மாலையில், இலையின் இரு பக்கமும். பதினைந்து நாள் கழித்து மறுபடி. இனி வரும் இலையில்தான் பச்சை தெரியும், ஏற்கெனவே வெளுத்தது பாதிதான் தேறும்.

ஏப்ரல் 3 – பந்தல்

முக்கியமானதை விட்டேன். அன்னபேதிக் கரைசல் பட்ட இடமெல்லாம் துருக்கறை. வெள்ளை டைல்ஸ், சுண்ணாம்புச் சுவர் எதிலும் பட விடாதீர்கள். தொட்டிக்குக் கீழே பழைய செய்தித்தாள் விரித்துத் தெளியுங்கள்.

ஏப்ரல் 3 – கடற்கரை

ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் என் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்திருக்கும். பரவாயில்லை, எலுமிச்சைச் சாறு தேய்த்ததில் டைல்ஸ் கறை பாதி போனது.

ஏப்ரல் 14 – உறையூர்

புத்தாண்டு வாழ்த்து. பத்துமணிப்பூ தட்டு நிறைஞ்சிருச்சு. இன்னைக்கு உருளியில மிதக்கவிட்டேன், இரண்டு மணிக்கெல்லாம் மூடிக்கிட்டு ஊறின காகிதம் மாதிரி ஆயிடுச்சு. உருளிக்கு எந்தப் பூ?

ஏப்ரல் 14, மாலை – பந்தல்

பத்துமணிப்பூ மாடியில் பார்ப்பதற்கு மட்டும். உருளிக்கு இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, நித்யகல்யாணி, சம்பங்கி.

இவற்றில் செம்பருத்தி விசேஷம். அது ஒரே நாள் பூ. பறித்தாலும் பறிக்காவிட்டாலும், தண்ணீரில் வைத்தாலும் வெறும் மேசையில் வைத்தாலும் அந்த நாள் மாலை வரை விரிந்தே இருக்கும். அதனால் அதைத் தண்ணீரில் வைப்பதே தேவையில்லை. ஜன்னல் விளிம்பு, புத்தக அலமாரி, சாப்பாட்டு மேசை, எங்கு வேண்டுமானாலும் ஒற்றைப் பூவாக வைக்கலாம். உருளியிலும் ஓர் இலைமேல் ஏற்றி நடுவில் வைத்தால் மூழ்காது. பூவரச இலை இதற்கு அளவெடுத்த மாதிரி.

12 அங்குல உருளியில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர். வெளிவட்டம் நந்தியாவட்டை. அதன் காம்பில் பால் வடியும், பறித்ததும் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டெடுத்துப் பிறகு உருளியில் விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஆடை படியும். அடுத்த வட்டம் இட்லிப்பூக் கொத்தை உதிர்க்காமல், காம்பு ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி. நடுவில் தண்ணீர் தெரிய இடம் விடுங்கள். முழுக்க நிரப்பினால் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடியில் உள்ளது அழுகும். மின்விசிறிக்கு நேர் கீழே உருளி வைத்தால் மதியத்துக்குள் இதழ் ஓரம் சுருளும். கூடத்தின் மூலையும் வேண்டாம், நடைவாசலில் வெயில் படாத காற்றோரம் நல்லது.

ஏப்ரல் 15 – பந்தல்

இரண்டு சேர்க்கை. உருளித் தண்ணீரைத் தினமும் கொட்டி, உள்சுவரைத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை தண்ணீர்க்கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை போகாது. கொட்டிய தண்ணீர் மல்லிக்கு.

அரளியை உருளியில் விடுகிறவர்கள் உண்டு, அழகாகவே இருக்கும். தவழும் குழந்தையோ வளர்ப்பு நாயோ உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம், செடி முழுவதும் நஞ்சு, அது மிதந்த தண்ணீரும் நல்லதல்ல. நித்யகல்யாணியும் வாயில் வைக்கக் கூடாதது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து எடுப்பவைதான், அவ்வளவு வீரியம். குழந்தை உள்ள வீட்டில் உருளி மேசை உயரத்துக்குப் போகட்டும், நேற்று சொன்ன பட்டியலில் நித்யகல்யாணியை எடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 22 – செங்கல்

பச்சை நிழல்வலை பற்றி யாரும் பேசவில்லையே. 50 சதவீத வலை கட்டினால் எல்லாம் தீர்ந்தது என்று நர்சரியில் சொல்கிறார்களே.

ஏப்ரல் 22 – பந்தல்

கீரைக்கும் நாற்றுக்கும் அது சரி. பூவுக்கு 50 சதவீதம் அதிகம், மல்லியும் காகிதப்பூவும் நாள் முழுக்க வலைக்கடியில் இருந்தால் இலைதான். கட்டியே ஆக வேண்டுமென்றால் 35 சதவீத வலையை மேற்குப் பக்கம் மட்டும், திரைபோலச் செங்குத்தாக, மதியம் ஒன்றுக்கு மேல் வெயில் விழும் கோட்டில். உச்சியைத் திறந்து விடுங்கள். கூரையாகக் கட்டினால் தலைக்கு மேல் இரண்டடி விட்டு, எட்டடி உயரத்தில். தாழக் கட்டினால் வலைக்கடியில் அனல் அடைந்து நிற்கும்.

மே 5 – பந்தல்

அக்னி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. மே 28 வாக்கில் முடியும்வரை செய்யக் கூடாதவை: உரம், தொட்டி மாற்றுதல், வேப்பெண்ணெய்.

கடலைப்பிண்ணாக்குக் கரைசல் வழக்கமாக விடுகிறவர்கள் இந்த மூன்று வாரம் நிறுத்துங்கள். 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்ப்பது சரியான அளவுதான், ஆனால் சூட்டில் திணறும் வேருக்கு அதுவும் பாரம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புத் திரவம் என்பதும் சரியான அளவு. மறுநாள் 38 டிகிரி அடித்தால் எண்ணெய் படிந்த இலை வறுத்ததுபோல் ஆகிவிடும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். எறும்பு அதன் தேன்சாற்றுக்காக அதைச் செடிக்குச் செடி சுமந்து போகும், எதிரிப் பூச்சிகளையும் விரட்டும். செங்கலைச் சுற்றி எறும்பு ஏறும் வழியை அடைத்து, பூச்சி பிடித்த நுனியை வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டி, மீதியைத் தண்ணீர்ப் பீய்ச்சலில் கழுவுங்கள்.

மல்லி இலை மேல்பக்கம் ஊசிக்குத்துப் போல வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வறண்ட சூட்டில் அதற்கு ஒரு தலைமுறைக்கு ஒன்றரை வாரம்கூட ஆகாது. நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம்.

மே 6 – பந்தல்

நேற்றைய கடைசி வரியை அழித்துப் படியுங்கள். கந்தகம் 32 டிகிரிக்கு மேல் இலையைச் சுடும், எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் பட்டாலும் சுடும். மே மாதத்தில் அதற்கு இடமே இல்லை. மார்கழிக்கான மருந்து. இப்போதைக்குத் தண்ணீர்தான்: காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கொரு முறை, நான்கு தடவை. ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டையில் இருப்பவை வெளிவந்து மறுபடி நிரப்பிவிடும்.

மல்லி மொட்டு ஊதா நிறமாகி, அடி தடித்து, விரியாமல் காய்ந்தால் அது வெயிலல்ல, மொட்டு ஈ. அந்த மொட்டுகளைச் செடியிலோ மண்ணிலோ விடாமல் பொறுக்கி அழித்து, மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறிவிடுங்கள். அதன் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும்.

மே 11 – உறையூர்

மல்லி நாளைக்கு இருநூறு மொட்டு. கறுப்பா இருந்த இடம் இப்போ பார்க்கவே நிறைவா இருக்கு. ஆனா வீட்டுக்குள்ள மூணு மணிக்கு உட்கார முடியலை. வெட்டிவேர் தட்டி போடலாமா? பூ வச்சா நிக்கிற அளவாவது கூடம் குளிரணும்.

மே 11 – பந்தல்

திருச்சியில் தாராளமாகப் போடுங்கள். கடலூர் பக்கத்து மணலில் விளையும் வேரில் பின்னிய தட்டியாகப் பாருங்கள். முகர்ந்தால் ஈரமண் வாசம் வர வேண்டும், வாசம் இல்லையென்றால் எண்ணெய் எடுத்த சக்கை. அனல்காற்று நுழையும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தொங்கவிட்டு, மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நனையுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஊடுருவாது, கூடம் புழுங்கும். இரவு முழுக்கக் காயவிடுங்கள், ஈரமாகவே கிடந்தால் பத்து நாளில் பூஞ்சணம்.

மல்லித் தொட்டிகளில் ஒன்றை மாலைக்காற்று வரும் பக்கம் கொண்டுவந்து வையுங்கள், நீங்கள் உட்காரும் இடத்துக்குக் காற்றின் முன்பக்கமாக. மொட்டு ஏழு மணிக்கு மேல் விரியும், வாசம் தானாக வந்து சேரும். இருநூறையும் காலையிலேயே பறித்துவிடாமல் இருபதைச் செடியில் விடுங்கள். பறிப்பதை விடியும் முன், முழுதாக முற்றிய மூடிய மொட்டாகப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாலை கட்டும்வரை மலராமல் நிற்கும்.

மே 12 – கடற்கரை

தட்டி எங்களுக்கு வேலை செய்யவில்லை. திருவான்மியூரில் மதியத்துக்கு மேல் கடற்காற்றே ஈரமாக வருகிறது, தட்டி உலரவே இல்லை, கூடம் கசகசத்தது. வாசம் மட்டும் லாபம். கரையோரத்தவர்கள் மூங்கில் தட்டியால் மேற்கு ஜன்னலை மறைத்தால் போதும்.

மே 12 – பந்தல்

சரியான திருத்தம். தண்ணீர் உலர்ந்தால்தான் குளிர்ச்சி. தூத்துக்குடி, நாகை, சென்னைக் கரையோரத்துக்கு இது பொருந்தாது. வேலூர், திருச்சி, மதுரைக்குப் பொருந்தும்.

மே 19 – பந்தல்

உருளிப் பட்டியலில் சொன்ன சம்பங்கியைத் தண்டாக ஜாடியில் வைக்கும் முறை இது. அடியில் இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்த தண்டாக வாங்குங்கள். வாளித் தண்ணீருக்குள் வைத்தே ஓர் அங்குலம் சாய்வாக வெட்டுங்கள், குழாயில் காற்று ஏறாது. தண்ணீரில் மூழ்கும் இலை எல்லாம் எடுத்துவிட வேண்டும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு.

மே 21 – உறையூர்

இரண்டாம் நாளே தண்ணி வழவழன்னு ஆகி நாறுது.

மே 21 – பந்தல்

என் தப்பு. சர்க்கரை பூவுக்கு முன்னால் கிருமிக்குச் சாப்பாடு ஆகிவிடுகிறது. கிருமியை அடக்க எதுவும் சேர்க்காமல் நம்மூர் மே மாதச் சூட்டில் சர்க்கரை போடக் கூடாது. அதை விட்டுவிட்டு, வெறும் தண்ணீரைத் தினமும் மாற்றி, ஜாடியைச் சோப்பு போட்டுக் கழுவி, தண்டை அரை அங்குலம் புதிதாக வெட்டுங்கள். இதுவே நான்கைந்து நாள் நிற்கும். தண்ணீர் நான்கு அங்குலம் போதும், ஜாடி நிறைய ஊற்றினால் தண்டு அதிக நீளம் அழுகும். இரவில் ஜாடியைத் தரையில் இறக்கி வையுங்கள், அங்குதான் குளிர்ச்சி.

மே 30 – செங்கல்

காகிதப்பூ எனக்கு மட்டும் இலையாகவே இருக்கிறது. மேற்கு வெயில், பெரிய தொட்டி, தினமும் தண்ணீர்.

மே 30 – பந்தல்

அந்தப் "பெரிய தொட்டி, தினமும் தண்ணீர்" இரண்டும்தான் காரணம். பிரேசில் பக்கத்துக் கொடி அது, வறட்சியைப் பார்த்துத்தான் பூக்கும். நாம் பூ என்பது நிறமேறிய இலை, உண்மைப் பூ நடுவில் இருக்கும் மூன்று சின்ன வெள்ளைக் குழல்கள். நீண்ட நுனிகளை ஒரு சாண் வெட்டி, தண்ணீரை நிறுத்துங்கள். இலை தளர்ந்து தொங்கும் நாளில் அரை அளவு ஊற்றி, மறுபடி தளரும்வரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படி. நுனியில் குட்டி இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் வழக்கமான தண்ணீருக்கு வந்துவிட வேண்டும், அப்போதும் காயப்போட்டால் நிறம் வருவதற்கு முன்பே உதிரும். தழைச்சத்து உரம் வேண்டாம். வேர் தொட்டியை நிறைத்து நெருக்கினால்தான் அதற்கு மனம் வரும், அதனால் தொட்டி மாற்றும் அவசரமும் வேண்டாம்.

ஜூன் 8 – பந்தல்

பிளாஸ்டிக் பூவுக்கு மாற்று கேட்டது நினைவிருக்கிறதா? பிப்ரவரியில் விதைத்தவர்கள் வாடாமல்லியை இப்போது வெட்டலாம். பந்து முழு நிறம் ஏறி, அடியில் நீளத் தொடங்குவதற்கு முன், பனி காய்ந்த பத்து மணிக்கு, ஓரடிக் காம்போடு. இலை உருவி, பத்துக் காம்பு ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டுத் தலைகீழாக, வெயில் படாத காற்றோட்டமான அறையில் இரண்டு வாரம். கயிறு போட்டுக் கட்டினால் காம்பு காய்ந்து சுருங்கும்போது நழுவி விழும், ரப்பர் சேர்ந்து இறுகும். வெயிலில் காயவைத்தால் ஊதா வெளுத்துவிடும். காய்ந்த பூவை ஊசிநூலில் கோத்தால் நிலைப்படி மாலை மாதக்கணக்கில் நிறம் மாறாமல் கிடக்கும். வெறும் காம்போடு பித்தளைச் சொம்பில் வைத்தாலும் போதும். மாதம் ஒருமுறை தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி படவே கூடாது.

ஜூன் 20 – உறையூர்

கூடத்துல வாடாமல்லி, நடையில உருளி, மாடியில மல்லி. மார்ச் 4-ல நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். அடுத்து ஆடி வருது, என்ன பார்த்துக்கணும்?

ஜூன் 20, இரவு – பந்தல்

காற்று. திருச்சிக்கு ஆடிக் காற்று லேசுப்பட்டதல்ல. சாக்கு சுற்றிய பை பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும், இந்த வாரமே சாக்கை அவிழ்த்துவிடுங்கள். மேற்குத் திரை வலை கட்டியிருந்தால் கழற்றுங்கள். காகிதப்பூ நுனிகளை இரண்டடிக்குக் குறையுங்கள், தொட்டிகளைப் பக்கத்துத் தொட்டியோடு சேர்த்து இடுப்பில் ஒரு கயிறு. மல்லிக்கு ஆண்டின் இரண்டாவது எருவை இப்போது வைக்கலாம், பைக்கு இரண்டு கை மண்புழு உரம், மேல்மண்ணைக் கிளறி. காற்று நாளில் மண் மேலே மட்டுமல்ல, உள்ளேயும் சீக்கிரம் காயும், விரல் விட்டுப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். பத்துமணிப்பூத் தட்டு ஒன்றை மட்டும் மழைக்கு முன் படியறைக்குள் எடுத்துவையுங்கள், அடுத்த பங்குனிக்குத் துண்டு கிள்ள அது போதும்.